2010 மாடல் டாரஸைக் கொடுத்துவிட்டு மின்சார லாரி எடுக்கலாமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: டாரஸ்காரர், நாமக்கல்

வணக்கமுங்க. நாமக்கல்லில் நான்கு வண்டி வைத்து ஓட்டுகிறேன். அப்பா காலத்தில் ஒரே லாரி, அதுவும் ஃபைனான்ஸில். இப்போது இரண்டு டாரஸ் (பத்துச் சக்கர லாரி), ஒரு பன்னிரண்டு சக்கரம், முட்டை லோடுக்கு ஒரு சின்ன வண்டி. டாரஸ்களில் ஒன்று 2010 மாடல். ஒவ்வொரு எஃப்சிக்கும் (வண்டித் தகுதிச் சான்று) பெயிண்ட், டிங்கரிங், டயர் என்று கொட்டுகிற பணத்தைப் பார்த்தால், அது எனக்காக ஓடுகிறதா, நான் அதற்காக ஓடுகிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

தீபாவளி லீவுக்கு மகள் வந்திருந்தாள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். வண்டியை மாற்றப் போகிறேன் என்றதும், "அப்பா, நாட்டில் ஓடுகிற வண்டிகளில் நூற்றுக்கு 3தான் லாரி. ஆனால் சாலைப் போக்குவரத்து விடுகிற கார்பனில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் ஆட்களுடையது. மறுபடியும் டீசலா எடுக்கப் போறீங்க?" என்றாள். 2070க்குள் நாடு நிகர பூஜ்யத்துக்கு, அதாவது விடுகிற கார்பனும் திரும்ப உறிஞ்சுகிற கார்பனும் சமமாகிற நிலைக்கு வரவேண்டும் என்று 2021இல் கிளாஸ்கோவில் பிரதமர் சொல்லியிருக்கிறாராம். 2070இல் நான் எங்கே இருக்கப் போகிறேன் என்று சிரித்தேன். "நீங்க இருக்க மாட்டீங்க, நான் இருப்பேன்" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டிகள் பார்க்கிற வேலை மூன்று வகை. நாமக்கல் ஸ்டேஷனுக்கு மக்காச்சோள ரேக் (முழுச் சரக்கு ரயில்) வந்தால் அங்கிருந்து தீவன மில்களுக்கு இறக்குவது. ஒரு நடை 20, 40 கிலோமீட்டர்தான். இரண்டாவது, சங்ககிரியிலிருந்து பாலக்காடு, திருச்சூர் பக்கம் சிமெண்டு. மூன்றாவது, பன்னிரண்டு சக்கரம் போகிற வடக்கு லைன்: ஹைதராபாத், நாக்பூர். போனால் ரிட்டர்ன் லோடு கிடைக்கிற வரை வண்டி வராது.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் தள்ளுபடி உண்டு, பழைய வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்த சான்றிதழ் காட்டவேண்டும் என்கிறார்கள். ஷோரூமில் விசாரித்தேன். 28 டன் வண்டி, என் டீசல் டாரஸைவிட 45 லட்சம் கூட. கேட்டதும் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். மின்சார லாரி எடுத்தால் கார்பன் நிஜமாகவே குறைகிறதா, இல்லை என் சைலன்சரில் வருவது மேட்டூர் அனல்மின் நிலையச் சிம்னியில் வருமா? குறையும் என்றால் என்னுடைய மூன்று லைனில் எதில் போட்டால் போட்ட காசு திரும்பும்? மகளுக்குப் பதில் சொல்லவேண்டும், ஃபைனான்ஸ்காரருக்கும் பதில் சொல்லவேண்டும்.

பதில்: மின்கம்பம், திருநெல்வேலி

அண்ணாச்சி, நான் மின்வாரியத்தில் இருந்தவன். மேட்டூர் சிம்னி என்று சரியான இடத்தில் கையை வைத்துவிட்டீர்கள். இதை யாரும் ஷோரூமில் சொல்லமாட்டார்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோ இல்லையே, எப்படி என்று கேட்காதீர்கள். எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் டாரஸ் லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 670 கிராம். அதே வண்டி மின்சாரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் தின்னும் என்று வைப்போம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 730 கிராம் கார்பன். ஆக 670க்கு 730!

கோபப்படாதீர்கள், கணக்கு இன்னும் முடியவில்லை. டீசல் பங்க்குக்கு வருவதற்கு முன்னால் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, டேங்கரில் கொண்டுவருகிற கார்பனைச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். மின்சாரத்துக்கும் கம்பியில் போகிற இழப்பு, சார்ஜரில் போகிற இழப்பு உண்டு. எல்லாம் போட்டுப் பார்த்தால் இன்றைய தேதிக்கு இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஸ்கூட்டரில் கதை வேறு. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 50 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 46 கிராம். மின்சார ஸ்கூட்டர் 22 கிராம். இன்றைக்கே பாதிக்குப் பாதி லாபம். ஏன் என்றால் சின்ன பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாகவே விட்டுவிடும். லாரியின் டீசல் இன்ஜின் கெட்டிக்காரன். அதை மோட்டார் தோற்கடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அப்படியானால் லாரியை விட்டுவிடலாமா? கூடாது. 2025 நடுவில் நாட்டின் மின் நிறுவுதிறனில் (எல்லா மின் நிலையங்களின் மொத்தத் திறன்) பாதி, நிலக்கரியையும் எரிவாயுவையும் சாராததாகிவிட்டது. உற்பத்தியில் இன்னும் நிலக்கரிதான் பெரியண்ணன், ஆனால் அந்த 730 இனிமேல் இறங்கும். நீங்கள் இன்று வாங்குகிற டீசல் லாரி 15 வருஷத்துக்கும் அதே 670தான், வயசானால் கூடும். மின்சார லாரி வாங்கினால் வண்டியைத் தொடாமலே வருஷா வருஷம் அது சுத்தமாகும். வண்டி ஷெட்டில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் ஏற்றினால் இன்றைக்கே ஜெயம். எங்கள் ஊர்ப்பக்கம் ஆனி, ஆடியில் காற்றாலைகள் சுற்றுகிற சுற்றில், வாங்க ஆளில்லாமல் நிறுத்தி வைத்த நாட்களைப் பார்த்தவன் நான். அந்த யூனிட்டைக் குடிக்க நாலு லாரி இருந்தால் வேண்டாமென்றா சொல்வோம்?

பதில்: கூட்ஸ்ஷெட் தாத்தா, ஈரோடு

தம்பி, ரயில்வேயில் சரக்குப் பக்கம் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மூன்றாவது லைனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாக்பூருக்கு பேட்டரி லாரி அனுப்புகிற யோசனையே வேண்டாம். அந்தச் சரக்கு ரோட்டில் போவதே முதலில் தப்பு.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்கிற தடை, தாரில் டயர் உருள்வதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அகலப் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. பேட்டரி சுமக்கவேண்டாம், சார்ஜுக்கு நிற்கவேண்டாம், தலைக்கு மேலே கம்பி. மின்கம்பம் சொன்ன அதே 730 கிராம் மின்சாரத்தில்கூட ஒரு டன் சரக்குக்கு லாரியைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால் 1950-51இல் நாட்டின் சரக்கில் நூற்றுக்கு 85க்கு மேல் சுமந்த ரயில், இன்று முப்பதுக்கும் கீழே நிற்கிறது. 2030க்குள் 45 ஆக்கவேண்டும் என்று தேசிய ரயில் திட்டம் சொல்கிறது. ஏன் இறங்கியது என்று என்னைக் கேட்டால் பழியை லாரிக்காரன்மேல் போடமாட்டேன். பெட்டிச் சரக்கு ஒரு ரேக் என்றால் 42 வேகன், இரண்டாயிரத்து அறுநூறு டன் பக்கம். அவ்வளவு சரக்கை ஒரே நாளில் ஒரே ஊருக்கு அனுப்ப எத்தனை வியாபாரிக்கு முடியும்? இறக்கத் தாமதமானால் டெமரேஜ், அதாவது தாமத அபராதம். வழியில் எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸ் லூப் லைனில் ஒதுங்கவேண்டும். அதனால்தான் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வாக்கில் கிடக்கிறது. பயணிகள் டிக்கெட்டில் வருகிற நஷ்டத்தையும் சரக்குக் கட்டணம்தான் சுமக்கிறது. சிமெண்டு மூட்டை காசு கொடுத்து நம்மைக் குறைந்த டிக்கெட்டில் ஊருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத்தான் சரக்குக்கென்றே தனித் தடம் போட்டார்கள். கிழக்கில் லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர். மேற்கில் தாத்ரியிலிருந்து மும்பைத் துறைமுகம் நோக்கி 1,506 கிலோமீட்டர். இரண்டும் வடக்கே. நமக்கு இன்னும் காகிதத்தில்தான்.

கொங்கண் ரயில்வேயின் ரோரோ தெரியுமா தம்பி? 1999 முதல் நடக்கிறது. லோடு லாரியையே தட்டை வேகனில் ஏற்றி, மகாராஷ்டிராவின் கோலாடிலிருந்து கோவா, சூரத்கல் வரை கொண்டுபோவார்கள். டிரைவர் கேபினிலேயே படுத்துக்கொள்வார், ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பதையும் பார்த்திருக்கிறேன் (கூடாதுதான்). மலைப்பாதை டீசல், டயர், பிரேக் எல்லாம் மிச்சம். நாமக்கல் நம்பர் பிளேட்டை அங்கே நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் மக்காச்சோள வேலை இருக்கிறதே, அதுதான் சரியான வடிவம். தூரத்தை ரயில் ஓடியது, கடைசி 30 கிலோமீட்டரை நீங்கள் ஓடுகிறீர்கள். பேட்டரி வண்டியை அங்கே போடுங்கள்.

பதில்: மணலி டிரைவர்

அண்ணே, நான் ஒன்றரை வருஷமாக மின்சார டிரெய்லர் ஓட்டுகிறேன், 55 டன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் எடுத்துக் கிடங்கில் போடுவது, திரும்பக் காலி எடுத்துப் போவது, அவ்வளவுதான் வேலை. நீங்கள் எல்லாரும் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பேசுகிறீர்கள். எங்களுக்குக் கிலோமீட்டரே ஓடாது. கியூதான். எண்ணூர் ரோட்டில் நின்று நின்று ஒரு அடி நகர்ந்து, மறுபடி நிற்பது. டீசல் வண்டியில் நின்றாலும் இன்ஜின் எரியும். இது நின்றால் ஒன்றும் எரியாது. ஏசி மட்டும்தான் கொஞ்சம் தின்னும். (2025 அக்டோபர் முதல் புதுசாக வருகிற எல்லாப் பெரிய லாரிக்கும் ஏசி கேபின் கட்டாயம். டீசல் எடுத்தாலும் டிரைவருக்கு ஏசி போடச் சொல்லித் தகராறு பண்ணவேண்டாம்.)

நல்லது: கியர் இல்லை. மேம்பாலத்தில் லோடோடு நிறுத்தி எடுத்தாலும் பின்னால் போகாது. முழங்கால் வலி போய்விட்டது. வீட்டுக்குப் போனால் டீசல் வாடை இல்லை என்று சம்சாரம் சொல்லுகிறது.

கெட்டது: பேட்டரியே இரண்டு டன்னுக்கு மேல். சார்ஜர் ஒன்று, வண்டி நாலு. ஒருநாள் சார்ஜர் படுத்துவிட்டது, நாலு டிரைவரும் நாலு நாள் படி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். முதலாளிக்கு டியூ ஓடும், எங்களுக்குப் படி ஓடாது. நீங்கள் எடுத்தால் முதலில் சார்ஜர்க்காரனோடு எழுதி வாங்குங்கள், வண்டி அப்புறம். இன்னொன்று, சத்தமே வராது. சைக்கிளில் போகிறவர்களுக்குப் பின்னால் லாரி வருவது தெரியாது. நான் இப்போது ஹார்னைவிட வாயால்தான் அதிகம் கத்துகிறேன்.

தொப்பூர் இறக்கத்தில் இந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசை. இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரியில் கரண்ட் ஏற்றும். அந்த இறக்கத்தில் பிரேக் சூடாகிப் போன வண்டிகளைப் பார்த்தவன் எவனும் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டான்.

பதில்: ஜன்னலோர சீட், சென்னை

லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ் விட்டார்கள். நான் தினமும் அதில்தான் போகிறேன். பஸ் மின்சாரமா டீசலா என்பதைவிட, அதில் 60 பேர் இருக்கிறார்களா என்பதுதான் பெரிய கணக்கு. அந்த 60 பேரும் தனித்தனி ஸ்கூட்டர் எடுத்தால் மின்கம்பம் சொன்ன 22 கிராமையும் 60ஆல் பெருக்குங்கள், 1,320 கிராம். பழைய டீசல் பஸ்கூட அதைவிடக் குறைவு. 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதை யாரும் பருவநிலைத் திட்டம் என்று சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்: டாரஸ்காரர், நாமக்கல்

எல்லாருக்கும் நன்றி. பஸ் விஷயத்தில் அக்கா சொல்வது சரி, ஆனால் என்னிடம் பஸ் இல்லை.

தாத்தா சொன்னதை நம்பி, ரேக் லைனில் போடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். ராத்திரி டிரிப் ஷீட்டுகளை எல்லாம் எடுத்துவைத்து மகளையும் போனில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். அங்கேதான் இடித்தது.

டீசல் லிட்டர் 92 ரூபாய் சொச்சம். 4 மைலேஜுக்குக் கிலோமீட்டருக்கு 23 ரூபாய். சொந்த இணைப்பில் யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் 45 லட்சம், தள்ளுபடியில் ஒரு 8 கழிந்தாலும் 37 லட்சம் நிற்கிறது. ரேக் வேலையில் என் டாரஸ் போன வருஷம் ஓடியது வெறும் 30,000 கிலோமீட்டர். ரேக் வந்தால் வேலை, வராத நாளில் வண்டி வேப்பமரத்தடியில். மிச்சம் வருஷத்துக்கு 4.2 லட்சம். காசு திரும்ப ஒன்பது வருஷம்! பேட்டரிக்கு வாரண்டி 5 வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர். ஆறாவது வருஷம் பேட்டரி போனால் என்னையும் சேர்த்து ஸ்கிராப்பில் போடவேண்டியதுதான்.

தலைகீழாக நிற்கிறது பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்து வேலைதான் பிடிக்கும். ஃபைனான்ஸுக்குத் தூரம்தான் பிடிக்கும். நாக்பூர் லைனில் ஓடுகிற கிலோமீட்டருக்குக் காசு சீக்கிரம் திரும்பும், ஆனால் சார்ஜ் ஏற்ற வழியில்லை. நாமக்கல் ரேக் லைனில் சார்ஜ் பிரச்சினையே இல்லை, ஆனால் ஓட்டம் இல்லை.

பாலக்காடு சிமெண்டு லைனையும் பார்த்தேன். போய்வர 300 சொச்சம். வாளையாறு தாண்டி இறக்குகிற இடம் தினமும் ஒன்றில்லை. இன்றைக்கு ஒரு கடை, நாளைக்கு ஒரு சைட். டிரைவர் சார்ஜர் தேடி அலையவேண்டும்.

மகள்தான் கேட்டாள்: "ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கி, ராப்பகலா ஓடுற வேலை எதுவும் இல்லையாப்பா?" இருக்கிறது. நான் எட்டிப் பார்க்காத வேலை. சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து சிமெண்டு ஃபேக்டரிக்கு, ஃபேக்டரியிலிருந்து அரைக்கிற மில்லுக்கு. தூசி, வாடகை குறைவு, எங்கள் ஆட்கள் மதிக்கமாட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு டிரைவர் மாற்றி 250 கிலோமீட்டர் ஓடும். 300 நாள் என்றால் 75,000. மிச்சம் 10.5 லட்சம். 37 லட்சம் மூன்றரை வருஷத்தில் திரும்பிவிடும், 5 வருஷ வாரண்டி முடிவதற்குள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் டிரைவர் மாறும்போதும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். மணலித் தம்பியின் கன்டெய்னர் வேலையும் இதே மாதிரிதான், போன வழியே திரும்புவது.

பதில்: மின்கம்பம், திருநெல்வேலி

அண்ணாச்சி, கணக்கு சரி. ஒன்றே ஒன்று. 9 ரூபாய் என்பதை அப்படியே நம்பாதீர்கள். மாதக் கட்டணத்தில் யூனிட் காசு ஒரு பங்கு, எடுத்துக்கொண்ட கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் இன்னொரு பங்கு. ஒரு வண்டிக்கு ஒரு வேகச் சார்ஜர் வைத்தால் அந்த நிலைக்கட்டணம் முழுக்க ஒரு வண்டியின் தலையில் விழும். நாலு வண்டி சேர்ந்தால் நாலாகப் பிரியும். தனியாகப் போகாதீர்கள்.

பதில்: கூட்ஸ்ஷெட் தாத்தா, ஈரோடு

ரேக் லைனில் ஓட்டம் இல்லை என்றால் குறை ரேக்கில். தினமும் ரேக் வந்தால் உங்கள் 30,000 கிலோமீட்டர் 70,000 ஆகாதா? ரயில்வே பங்கு ஏறினால்தான் உங்கள் பேட்டரி வண்டிக்கும் வேலை ஏறும். லாரியும் ரயிலும் எதிரி என்று யார் சொன்னது.

கேள்வி கேட்டவரின் பதில்: டாரஸ்காரர், நாமக்கல்

தாத்தா, உண்மை. தினமும் ரேக் வரட்டும், நானே மாலை போட்டு வரவேற்கிறேன்.

இப்போதைக்குச் செய்திருப்பது இது. 2010 டாரஸை இந்த எஃப்சிக்குச் செலவு பண்ணுவதில்லை, ஸ்கிராப்புக்கு விசாரித்துவிட்டேன். பெரியப்பா மகன்கள் இரண்டு பேர், சங்ககிரி நண்பர் ஒருவர், நான்: நாலு பேர் ஆளுக்கு ஒரு வண்டி, நடுவில் இரண்டு சார்ஜர் என்று பேச்சு. நேற்று ஃபேக்டரிக்குப் போய் ஐந்து வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவீர்களா என்று கேட்டோம். மானேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். லாரிக்காரன் ஐந்து வருஷ ஒப்பந்தம் கேட்டு அவர் பார்த்ததில்லை போல. வருஷத்துக்கு வருஷம்தான் தருவோம் என்றார். ஃபைனான்ஸ்காரர், ஐந்து வருஷத் தாள் இல்லாமல் மூச்சு விடமாட்டேன் என்கிறார். பேச்சு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.

மகளிடம் சொன்னேன். "ஒப்பந்தம் வரலைன்னா டீசல்தானா?" என்றாள். வரவில்லை என்றால் வாங்குவதே இல்லை, மூன்று வண்டியோடு ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரி இதை இன்னும் கேட்கவில்லை.

மின்கம்பம் சார், நாலு வண்டிக்கு எவ்வளவு கிலோவாட் இணைப்பு கேட்கவேண்டும், டிரான்ஸ்பார்மர் செலவு எங்கள் தலையிலா என்பதை மட்டும் திங்கட்கிழமைக்குள் சொன்னால் பெரிய உபகாரம்.